தாம்பரத்தில் ஏறினால் மகிழ்மதி

‘பாகுபலி’ படங்களின் (2015, 2017) மகிழ்மதியை நேரில் பார்க்க ஆசையா? தாம்பரம், குரோம்பேட்டை வாசிகளுக்கு வசதி உண்டு. சார்மினார் எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலை ஐதராபாத். எழும்பூர் நிலையச் சீரமைப்புப் பணியால் வண்டி புறப்படும் இடம் மாறுவதுண்டு. டிக்கெட்டைச் சரிபார்த்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள்.

மகிழ்மதி அரங்கு இருக்கும் ராமோஜி ஃபிலிம் சிட்டி நகருக்குள் இல்லை. விஜயவாடா நெடுஞ்சாலையில் சுமார் 30 கி.மீ. போக வேண்டும். முழு நாளை ஒதுக்குங்கள். வளாகத்துக்குள் பேருந்தில்தான் சுற்றிக்காட்டுகிறார்கள். வாங்கும் டிக்கெட்டில் பாகுபலி அரங்கு அடக்கமா என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். அரண்மனையும் சிலைகளும் வால்பாறையில் பிறந்த கலை இயக்குநர் சாபு சிரிலின் கைவண்ணம். கல்லாகத் தெரிவதெல்லாம் கல் அல்ல. குழந்தைகள் ஏறிக் குதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

படத்தில் நாயகன் சிவுடு ஏறிய அருவி வேண்டுமென்றால் திசை கேரளம்.

அந்த அதிரப்பள்ளி அருவிக்குப் பக்கத்து ரயில் நிலையம் சாலக்குடி. அங்கிருந்து சுமார் 30 கி.மீ. சாலைப் பயணம். தாம்பரத்தில் நின்று போகும் குருவாயூர் எக்ஸ்பிரஸ் மதுரை, நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று ஊரெல்லாம் சுற்றுகிறது. சென்ட்ரல் போய் திருச்சூர் வழியாகப் போகும் வண்டியைப் பிடிப்பதே புத்திசாலித்தனம். திரையில் வானம்வரை நீண்ட அருவியின் நிஜ உயரம் ஏறத்தாழ 80 அடிதான், மிச்சம் கிராஃபிக்ஸ்! கோடையில் நீர் மெலிந்துவிடும். மழை தணியும் செப்டம்பர், அக்டோபரில் போகலாம். பாறைகள் வழுக்கும், தடுப்பைத் தாண்டி செல்ஃபி வேண்டாம்.