தரங்கம்பாடி அருங்காட்சியகமும் பொதுச் சொற்பொழிவும்

முன்னுரை

அருங்காட்சியகம் என்பது பழம்பொருள்களை அடுக்கி வைக்கும் கிடங்கன்று. ஓர் ஊர் தன்னைத் தானே கற்றுக்கொள்ளும் பள்ளியாகும். ஆயினும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருள் தானாகப் பேசுவதில்லை. அதனருகில் நின்று எடுத்துரைப்பார் ஒருவர் வேண்டும். கேட்பார் பலர் வேண்டும். பெருநகரங்களின் அருங்காட்சியகங்கள் பொதுமக்களுக்குச் சொற்பொழிவுகள் நடத்துவது நெடுநாளைய வழக்கமாகும். கடற்கரையோரத்துச் சிற்றூர்களுக்கே அத்தகைய சொற்பொழிவுகள் மிகுதியும் தேவை என்பதைத் தரங்கம்பாடியைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் கோட்டையும்

மயிலாடுதுறை மாவட்டத்தில் வங்கக் கடலை நோக்கி அமைந்துள்ளது தரங்கம்பாடி. இதன் பழம்பெயர் சடங்கன்பாடி என்பதாகும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டளவில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் கடற்கரையிலேயே நின்றது. கடல் சிறிது சிறிதாக அதனை அரித்து, முன்பகுதிகளை விழுங்கிவிட்டது.

தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் 1620ஆம் ஆண்டில் டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறித்தியானின் தூதுக்குழுவுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அக்குழுவின் தலைவர் ஓவே கெட்டே என்பவர். மிளகு முதலிய சரக்குகளை நாடி வந்த டேனியர் இங்கே டான்ஸ்பர்க் என்னும் கோட்டையைக் கட்டினர். இருநூற்றிருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின், 1845இல், பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்குத் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டன. ஊரை விற்றவரும் வாங்கியவரும் அயலார். ஊரில் வாழ்ந்தோரை எவரும் கேட்கவில்லை. பாடநூல்கள் ஒரு வரியில் சொல்லிக் கடக்கும் இச்செய்தியின் பொருள், அக்கோட்டை மதிலின்மேல் நின்று கேட்கும்போதுதான் நெஞ்சில் தைக்கும்.

இன்று அக்கோட்டையினுள் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. சீனத்துச் சாடிகள், விளக்குகள், சுடுமண் உருவங்கள், வாள்கள், ஈட்டிகள், பீரங்கிக் குண்டுகள், திமிங்கிலத்தின் எலும்புகள் ஆகியன அங்கே உள்ளன. காண வருவோர் ஒரு பொருளின் முன் சிறிது நேரம் நிற்கின்றனர், பெயர்ப்பலகையைப் படிக்கின்றனர், பிறகு கடற்காற்று வாங்கச் சென்றுவிடுகின்றனர். சீனத்துச் சாடி இக்கரைக்கு ஏன் வந்தது, அதனைக் கொண்டுவந்த கலம் எத்துறைகளைத் தொட்டு வந்தது என்பன போன்ற வினாக்கள் எழுவதேயில்லை. எழுந்தாலும் விடை சொல்வார் அருகில் இல்லை.

போனவையும் நின்றவையும்

தரங்கம்பாடி வரலாற்றின் விலைமதிப்பற்ற சான்றுகள் பல தரங்கம்பாடியில் இல்லை என்பதை நாம் மறத்தலாகாது. இரகுநாத நாயக்கர் டென்மார்க்கு மன்னருக்குப் பொன்னேட்டில் தமிழில் விடுத்த மடல் டென்மார்க்கிலேயே பாதுகாக்கப்படுகிறது. டேனிய வணிகக் கழகங்களின் ஆவணங்களும் அங்கேயே உள்ளன. அவற்றின் சிறப்பினைக் கருதி 1997இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டில் அவற்றைச் சேர்த்தது. தமிழ் ஓலைச்சுவடிகள் பல செர்மனியின் ஹாலே நகரில் இருக்கின்றன.

இவற்றையெல்லாம் மீட்டுக் கொணர்தல் எளிதன்று. ஆனால் அவற்றில் எழுதப்பட்டிருப்பதை மீட்டுக் கொணரலாம். பொன்னேடு கடல் கடந்து போயிற்று. அதிலுள்ள செய்தியை அறிந்த ஒருவர் கோட்டை முற்றத்தில் ஒரு மாலைப்பொழுது பேசினால் அச்செய்தி ஊருக்குத் திரும்பிவிடும். பேழையில் பொருள் இல்லாத இடத்தைச் சொல் நிரப்பும். சொற்பொழிவின் முதற்பயன் இதுவே என்று கருதுகிறோம்.

ஏட்டுப் பட்டியலில் நம் முன்னோர்

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீகன்பால்கு, புளூட்சோ என்னும் செர்மானியச் சமயத் தொண்டர் இருவர் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஈராண்டுகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டினார். 1708இல் அவற்றிற்கு ஒரு விளக்கப் பட்டியலும் எழுதினார்.

அப்பட்டியல் தமிழ் இலக்கிய வரலாற்றுக்கு அரிய கருவூலமாகும். நம் போன்றோர் குறிப்பாக உள்ளத்திற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று அதில் உண்டு. அதன் ஒரு பகுதி இசுலாமியரின் தமிழ் நூல்களுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்டுள்ளது. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலா தொட்டு வளர்ந்த இசுலாமியத் தமிழ் இலக்கிய மரபு, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கடற்கரையில் ஏடுகளாகக் கைமாறி வழங்கியது என்பதற்கு அயலவர் ஒருவர் எழுதிவைத்த சான்று இது.

வேற்றுச் சமயத்தைப் பரப்ப வந்தவரின் வரலாற்றை நம் பிள்ளைகள் ஏன் கேட்க வேண்டும் என்று சமுதாயப் பெரியோர் சிலர் வினவலாம். நம் முன்னோர் எவற்றை ஓதினர் என்பதற்கான சான்று அவர் பட்டியலில் இருக்கிறது என்பதே விடை. இதனைத் தரங்கம்பாடியின் முசுலிம் மாணவன் அறியாதிருப்பது அவன் குற்றமன்று. அவனுக்கு எவரும் சொல்லவில்லை என்பதே குறை. ஆராய்ச்சி நூல்கள் விலை மிகுந்தவை. பெரும்பாலும் அயல்மொழியில் அமைந்தவை. அவற்றிற்கும் அம்மாணவனுக்கும் இடையே பாலமாவது தாய்மொழிச் சொற்பொழிவு ஒன்றே.

பிழை களையும் மேடை

சொற்பொழிவு ஊர்ப்பெருமை பேசுவதோடு அமைந்துவிடக் கூடாது. பிழையையும் களைய வேண்டும். தமிழின் முதல் அச்சுநூல் தரங்கம்பாடியில் வெளிவந்தது என்று பலரும் மேடைகளில் முழங்குவதைக் கேட்டிருக்கிறோம். உண்மை வேறு. 1578இலேயே என்றிகே என்றிகசு பாதிரியாரின் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறி வந்தது 1712இல். புதிய ஏற்பாடு அங்கே அச்சேறி நிறைவுற்றது 1715இல். முதன்மை இல்லையென்பதால் தரங்கம்பாடியின் பெருமை குன்றிவிடாது. தொடர்ந்து நூல்களை அச்சிட்டு வழங்கிய பணியே அதன் தனிச்சிறப்பு. உண்மையைச் சொல்லியும் ஊரைப் போற்றலாம்.

அவ்வாறே டேனியரின் கட்டடக் கலையைப் புகழும் நா, அவர்தம் கலங்கள் சரக்குகளோடு அடிமைகளையும் ஏற்றிச் சென்றதைச் சொல்லத் தயங்கலாகாது. நிறையும் குறையும் ஒருங்கே சொல்லப்படும்போதுதான் கேட்போர் வரலாற்றை நம்புவர்.

சொற்பொழிவின் இலக்கணம்

இத்தகைய சொற்பொழிவுகள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, கட்டணம் இருத்தலாகாது. கல்வியைத் தேடுவது கடமையென அண்ணல் நபிகள் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். கடமையை நிறைவேற்ற வருவோரிடம் வாயிலில் காசு கேட்பது முறையன்று. பள்ளிவாசலில் பயான் கேட்கவோ, கோயிலில் புராணம் கேட்கவோ, தேவாலயத்தில் அருளுரை கேட்கவோ நம் மக்கள் கட்டணம் செலுத்தியதில்லை. இலவசமாகக் கேட்டு அறிவு பெறுதல் நம் மண்ணின் பழைய மரபே.

இரண்டாவது, காலம் ஊராரின் காலமாக இருக்க வேண்டும். கடலுக்குச் செல்வோர் கரையில் இருக்கும் நாளையும், தொழுகை நேரங்களையும், பெண்கள் வீட்டுவேலை முடித்து வரத்தக்க பொழுதையும் எண்ணிப் பார்த்து நாள் குறிக்க வேண்டும். முக்கால் மணி நேரம் பேச்சு. அதே அளவு நேரம் வினா விடை. ஒவ்வொரு முறையும் ஒரே பொருள். ஒரு சாடி, ஒரு வாள், ஒரு விளக்கு எனப் பேழையில் உள்ள ஒன்றினை மையமாகக் கொண்டால் பேச்சு திசைமாறாது. ஆண்டுதோறும் மே 18ஆம் நாள் உலக அருங்காட்சியக நாளாகவும், நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரமாகவும் கொண்டாடப்படுகின்றன. தொடங்குவதற்கு அந்நாள்கள் ஏற்றவை.

மூன்றாவது, பேச்சாளர் பேராசிரியராகவே இருக்க வேண்டுவதில்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றின் பெயரறிந்து கலம் செலுத்தும் முதிய மீனவர் பேசட்டும். பேராசிரியர் அமர்ந்து கேட்கட்டும். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வூரைத் தாக்கியபோது கண்டவரும் உற்றாரை இழந்தவரும் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவ்வாண்டிற்குப் பின் பிறந்தோர்க்கு அது வெறும் செய்தியே. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க ஓடாது மேட்டுநிலம் நாட வேண்டும் என்பதைப் பட்டறிந்தவர் வாயால் கேட்ட பிள்ளை வாழ்நாளில் மறவாது. அங்கே வரலாறு உயிர்காக்கும் கல்வியாகிறது.

நான்காவது, பேசப்பட்டவை அன்றே பதிவு செய்யப்பட வேண்டும். கல்லூரித் தமிழ்த்துறை மாணவர்க்கு இது தக்க பணி. முதியோர் ஒருவர் மறைந்தால் ஒரு சுவடிக்கட்டு மறைந்ததாகும் என்பதை அவர்கள் உணர்வார்களாக.

முடிவுரை

சீகன்பால்கு வாழ்ந்த இல்லம் புதுப்பிக்கப்பட்டு, 2017இல் பண்பாட்டு உரையாடலுக்கான அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கோட்டையும் அவ்வில்லமும் ஒரே ஊரில் நடக்கும் தொலைவில் அமைந்திருப்பது நற்பேறு. இடம் இருக்கிறது, பொருள் இருக்கிறது, சொல்வதற்கு நானூறு ஆண்டுச் செய்தி இருக்கிறது. வேண்டுவன ஒரு பாய், ஒரு விளக்கு, ஒலிபெருக்கி ஒன்று. அவற்றோடு, சொல்வார்க்கு மனமும் கேட்பார்க்குச் செவியும்.

கடல் தரங்கம்பாடியின் கரையை அரித்துக்கொண்டே இருக்கிறது. கருங்கல் கொட்டி அதனைத் தடுக்க முயல்கின்றோம். ஊரின் நினைவையும் காலம் அவ்வாறே அரித்து வருகிறது. அதற்குக் கல் கொட்டிப் பயனில்லை. சொல்லித்தான் காக்க வேண்டும். நம் கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் தத்தம் கடற்கரை ஊர்களுக்குச் செல்லும்போது, அங்குள்ள பழம்பொருள் ஒன்றனைப் பற்றியேனும் அறிந்து, ஊரார் பத்துப் பேரைக் கூட்டி எடுத்துரைப்பார்களாயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நாம் பெற்றவராவோம்.