ஆணவம் நிற்கும் இடம்

திருவக்கரை

சிரஞ்சீவி மருமகனுக்கு மாமனின் அநேக ஆசீர்வாதம். 

உன் கடிதம் கிடைத்தது. நிதானமாக உட்கார்ந்து வாசித்தேன். அதிகாலையில் எழுந்து தியானத்தில் அமர்வதையும், புலால் உணவை விட்டதையும், இரவில் வேதாந்த நூல்கள் படிப்பதையும் அறிந்து மிகுந்த சந்தோஷம் அடைந்தேன். ஆயினும், இத்தனை அநுஷ்டானங்களுக்குப் பிறகும் முன்னிலும் அதிகமாகக் கோபம் வருகிறது, வீட்டாருடைய பேச்சு சகிக்கவில்லை, உடன் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் அற்ப ஜீவன்களாகத் தோன்றுகிறார்கள் என்றெல்லாம் எழுதி, இந்த அகங்காரத்தை அடியோடு ஒழிப்பதற்கு வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாயே, அந்தப் பகுதிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுதத் தூண்டியது.

தம்பி, ஒழிக்க வேண்டும் என்ற அந்த வீராவேசத்தை முதலில் விடு. நம்முடைய சைவ சித்தாந்த ஆசிரியர்கள் ஆணவத்தைப் பற்றி ஆராய்ந்த அளவுக்கு வேறு யாரும் ஆராய்ந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். செம்பு என்று உண்டோ அன்றே களிம்பும் உண்டு என்பது போல, ஆன்மா உள்ள நாள் முதலாகவே ஆணவமும் உண்டு என்றும், முத்தி நிலையிலும்கூட அது இல்லாமல் அழிந்துபோவதில்லை, அருளின் முன்னே தன் சக்தி மடங்கி அடங்கிக் கிடக்கும் என்றும் அவர்கள் தீர்மானித்தார்கள். அழிக்க முடியாத ஒன்றோடு நீ இரவும் பகலும் யுத்தம் செய்துகொண்டிருந்தால், அந்த யுத்தத்தில் ஜெயித்தவன் நான் என்று மார்தட்டிக்கொள்வதும் அந்த ஆணவமாகத்தானே இருக்கும்? உன் கோபம் அதிகரித்ததன் காரணம் அங்கேயே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதற்குச் சாட்சியாக நம் ஜில்லாவிலேயே நடந்ததாகப் பெரியோர் சொல்லிவரும் ஒரு வரலாறு உண்டு. பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளருக்குப் பிறந்து, மாமன் வீட்டுப் பிள்ளையாகத் திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்த சுவேதவனப் பெருமாள் என்னும் குழந்தை, பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்று, மெய்கண்டார் என்ற தீட்சா நாமத்தோடு அவ்வூர்ப் பொல்லாப் பிள்ளையார் சந்நிதியில் அமர்ந்து மாணாக்கர்களுக்குச் சிவஞானபோதத்தை உபதேசித்து வந்த காலம், கி.பி. 13-ஆம் நூற்றாண்டு. அந்தக் குடும்பத்தின் குலகுரு, ஆகமங்கள் அனைத்தையும் கரைகண்டு சகலாகம பண்டிதர் என்று விருது பெற்றிருந்த திருத்துறையூர்ப் பெரியவர். தம்முடைய சீடர்கள் ஒவ்வொருவராகத் தம்மைவிட்டு நீங்கி, ஒரு பாலகனிடம் பாடம் கேட்கச் செல்வதை அவரால் பொறுக்க முடியவில்லை. தம் ஆசீர்வாதத்தில் வளர்ந்த பிள்ளைதானே, தம்மைக் கண்டால் எழுந்து வணங்கும் என்ற நினைப்போடு அவரே நேரில் வந்து நின்றார். பிள்ளை எழவில்லை, பாடத்தை நிறுத்தவும் இல்லை. அன்றைய பாடமோ ஆணவ மலம். பண்டிதர் உரத்த குரலில், ஆணவத்தின் சொரூபம் யாது என்று கேட்டார். மெய்கண்டார் பதில் ஒன்றும் சொல்லவில்லை. பண்டிதருடைய பாதத்திலிருந்து சிரசு வரையில் ஒரு தடவை நோக்கினார். அவ்வளவுதான். கேள்வி கேட்டு நிற்கின்ற தம்முடைய நிலையே அந்தக் கேள்விக்கு விடை என்று உணர்ந்த மாத்திரத்தில் பண்டிதர் அந்தச் சிறுவனின் காலில் விழுந்தார். அருணந்தி என்ற பெயர் பெற்றார். பின்னாளில் சிவஞான சித்தியார் என்னும் மகத்தான நூலை நமக்குத் தந்தார். பேரனாகும் பிராயத்தில் இருந்தவர் குருவாகவும், குலகுருவாக இருந்தவர் சீடராகவும் மாறிய அந்தக் கணத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

நீ கவனிக்க வேண்டியது என்னவென்றால், அருணந்தியாருக்கு ஆணவத்தின் இலக்கணம் தெரியாமல் இல்லை. உன்னையும் என்னையும் போல் ஆயிரம் பேருக்கு அதைப் போதிக்கத்தக்க பாண்டித்தியம் அவரிடம் இருந்தது. இருந்தும், அது தம்முடைய கால்களின்மேல் எழுந்து நிற்பதை அவரால் காண இயலவில்லை. இருட்டு மற்றப் பொருள்களை மறைத்தாலும், இருட்டாக இருக்கிறது என்று தன்னையாவது காட்டிக்கொள்ளும். ஆணவமோ தன்னையும் காட்டாது என்று உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் காட்டிச் சென்றது இதனால்தான். ஆகவே அதைக் காண்பதற்கு வேறொரு கண் வேண்டியிருக்கிறது. அருணந்தியாருக்கு அந்தக் கண் ஒரு பாலகனிடம் இருந்தது. உனக்கு அது எங்கே இருக்கிறது என்பதையும் நான் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாமல் கேள்.

சென்ற பௌர்ணமி இரவில், ஜோதி தரிசனத்துக்காக வக்கிரகாளியம்மன் சந்நிதியில் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த வேளையில், நீ மண்டபத்துத் தூணோரமாகக் கண்களை மூடிப் பத்மாசனத்தில் அமர்ந்திருந்தாய். என் அக்கா, அதாவது உன் அம்மா, முழங்கால் வலியோடு வரிசையில் நின்று எலுமிச்சம்பழமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு வந்து, உன் நெற்றியில் இடுவதற்காகத் தோளைத் தொட்டாள். நீ கண் திறந்து அவளைப் பார்த்தாய். ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அந்தப் பார்வையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவள் குங்குமத்தை ஒரு காகிதத்தில் பொட்டலமாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, என் பக்கமாகத் திரும்பி, "அவன் ஜபத்துல இருக்கான், நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். திருவெண்ணெய்நல்லூரில் ஆணவம் நின்றுகொண்டிருந்தது. இங்கே அது பத்மாசனமிட்டு உட்கார்ந்திருந்தது. தியானத்தை நான் குறைவாக மதிக்கிறேன் என்று எண்ணாதே. தியானம் செய்பவன் என்ற ஒருவன் உன்னுள்ளே வளர்ந்துகொண்டிருக்கிறான் என்றும், அவன் பழைய உன்னைவிடச் சூட்சுமமானவன், ஆகவே அதிக அபாயமானவன் என்றும் மட்டுமே சொல்கிறேன்.

நம் ஊர்த் தலபுராணத்தைச் சிறுவயதில் உனக்கு நான் சொல்லியிருக்கிறேன். வக்கிராசுரன் சிவபக்தியில் யாருக்கும் குறைந்தவன் அல்லன். கடுந்தவம் புரிந்தான், வரங்கள் பெற்றான், அந்த வரபலத்தாலேயே தேவர்களை வதைத்தான், இறுதியில் மகாவிஷ்ணுவின் சக்கரத்தால் மாண்டான். அவன் தங்கை துன்முகியை வதம் செய்த காளியே இங்கு கோயில் கொண்டாள். இந்தக் கதையில் அசுர சம்ஹாரத்தைவிட என் மனசைக் கவ்வுவது வேறொன்று. அந்த அசுரன் பூஜித்ததாகச் சொல்லப்படும் லிங்கத்தை, வக்கிரலிங்கம் என்ற பெயரோடு இன்றைக்கும் நம் கோயிலில் வைத்துப் பூஜிக்கிறோம். அவனை அழித்தார்கள்; அவன் பூஜையைத் தள்ளவில்லை. பக்தியும் மெய்யாக இருந்தது, அதே நெஞ்சில் ஆணவமும் மெய்யாக இருந்தது என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். ஆதலால் உனக்குக் கோபம் வருகிறது என்பதற்காக உன் சாதனை முழுவதும் பொய் என்று மனம் தளரவும் வேண்டாம்.

பெரிய காட்சிகளைக் கண்டால் அகங்காரம் தானாக ஒடுங்கும் என்று எழுதியிருந்தாய். இமயமலைக்கு யாத்திரை போகும் யோசனையையும் சொல்லியிருந்தாய். போய் வா, தடையில்லை. ஆனால் 1781-இல் சொன்னராத் என்ற பிரெஞ்சு இயற்கை நூலார் குறித்துவைத்துச் சென்றதும், 1940-இல் புவியியல் ஆய்வுத் துறை பூங்காவாக ஏற்படுத்தியதுமான நம் கல்மரங்கள், சுமார் 2 கோடி ஆண்டு வயதுடையவையாய், கிளையும் இலையும் இழந்து, வெறும் அடிமரங்களாய் இந்தச் செம்மண்ணில் கிடக்கின்றன. அவற்றின் நடுவிலே பிறந்து வளர்ந்த நாங்கள் யாரும் அதனால் அடக்கம் பெற்றுவிடவில்லை. எங்கள் ஊர்க் கல்மரம் என்று மார்தட்டத்தான் கற்றுக்கொண்டோம்.

ஆணவம் மெய்யாக அடங்கிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பகவான் ரமணருடைய சரித்திரத்தில் நம் பிரதேசத்துக்கு ஒரு சிறு பங்கு உண்டு. 1896-ஆம் வருஷம் ஆகஸ்ட் 29-ஆம் தேதி, 16 வயதுப் பிள்ளையாக மதுரையிலிருந்து புறப்பட்டபோது, பழைய தேசப்படம் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்குச் சமீபமான ஸ்டேஷன் திண்டிவனம் என்றெண்ணி, 2 ரூபாய் 13 அணா கொடுத்து டிக்கெட் வாங்கினார். விழுப்புரத்திலேயே இறங்கி மாற வேண்டும் என்று வண்டியில் வந்த ஒரு மௌல்வி சொன்ன பிறகுதான் தெரிந்தது. விடியற்காலையில் விழுப்புரத்தில் இறங்கி, வழி தெரியாமல் தெருக்களில் நடந்து, கையில் இரண்டரை அணாவோடு ஓர் ஓட்டலில் பசியோடு காத்திருந்தார். சாப்பாட்டுக்குக் காசு வாங்க ஓட்டல்காரர் மறுத்துவிட்டார். வீட்டில் அவர் எழுதிவைத்துவிட்டு வந்த கடிதத்தில், தன்னைக் குறிக்கும்போது முதலில் நான் என்று தொடங்கியவர், இரண்டொரு வரிக்குள் அதை விட்டுவிட்டு, ஏதோ ஓர் அஃறிணைப் பொருளைப் பற்றிச் சொல்வது போல இது என்று எழுதி, கையெழுத்தும் இடாமலே முடித்துவிட்டார். அதே கடிதத்தில் தமையனின் காலேஜ் சம்பளம் கட்டப்படவில்லை என்ற விவரமும், மிச்சம் 2 ரூபாய் இத்துடன் இருக்கிறது என்ற கணக்கும் இருக்கின்றன. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். தான் என்ற எண்ணம் அவ்வளவு தூரம் கழன்றுபோன பிள்ளைக்கு, இன்னொருவர் பணத்துக்கு உரிய கணக்கு மறக்கவில்லை.

அந்த மகானைப் பற்றி மற்றொன்று. தேடி வந்து அழைத்த தாயாரோடு அவர் 1898-இல் வீடு திரும்ப மறுத்தார் என்பதை மட்டும் உன் போன்ற இளைஞர்கள் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்கிறீர்கள். அதே அழகம்மாள் பின்னர் மலைக்கே வந்து தங்கி, அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டதையும், 1922 மே 19-ஆம் தேதி அவள் பிராணன் பிரியும் வரையில், ஒரு கையை அவள் மார்பிலும் மற்றொரு கையைத் தலையிலும் வைத்து அவர் பக்கத்தை விட்டு நகராமல் இருந்ததையும் மறந்துவிடுகிறீர்கள். ஆசிரமச் சமையற்கட்டில் விடியுமுன்னே காய்கறி நறுக்கியதும், பந்தியில் தமக்கு மற்றவர்களைவிட ஒரு துளி அதிகமாகப் பரிமாறினாலும் கடிந்துகொண்டதும் அவர் சாதகர்களுக்குப் போதிக்காமல் போதித்த பாடங்கள்.

நான் யார் என்று உள்ளே திரும்பி விசாரிக்கும் அந்த மார்க்கத்தை நீ படித்திருக்கிறாய். அதைத் தூணோரத்தில் கண்மூடிச் செய்வதோடு நிறுத்தாதே. ஆபீஸில் உன் யோசனையை இன்னொருவர் தம்முடையதாகச் சொல்லும்போது நெஞ்சில் சுரீர் என்று ஒன்று எழுகிறதே, அந்த வினாடியில், இந்த எரிச்சல் யாருக்கு என்று ஒரு தரம் கேள். பதில் சொல்லிக்கொள்ள வேண்டாம். அதைத் துரத்தவும் வேண்டாம். பார்த்துக்கொண்டு மட்டும் இரு. பார்க்கப்படுகிறோம் என்று அறிந்த மாத்திரத்தில் அது குரலைத் தாழ்த்திக்கொள்ளும். குரல் தாழ்ந்த அந்த இடைவெளியில்தான் ஆன்மா தன் சுபாவமான அமைதியில் நிற்கிறது. தனக்கு மேலான ஒன்றைச் சார்ந்து நிற்கிறோம் என்ற உணர்வும் அங்கேதான் உண்டாகிறது. சார்ந்து நிற்பதே ஆன்மாவின் இயல்பு, எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிறது என்பது சித்தாந்தம். இத்தனை நாள் அது உன் பெயரையும் உத்தியோகத்தையும், இப்போது உன் தியானத்தையும் சார்ந்து அவற்றின் வண்ணமாக இருக்கிறது.

உன் சாதனையைப் பற்றி யாரிடமும் பேசாதே. என்னிடமும்கூட இனி எழுத வேண்டாம். பெயர் வராத காரியம் ஒன்றை மேற்கொள். நம் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்த செம்பியன் மாதேவியார், கணவர் கண்டராதித்தர் சிவபதம் அடைந்த பின் நெடுங்காலம் கைம்மை நோற்று, சோழநாடெங்கும் செங்கல் ஆலயங்களைக் கருங்கல்லாக மாற்றினார். கோனேரிராஜபுரத்தில் எழுப்பிய கோயிலையோ கணவர் பெயராலே எடுப்பித்து, கணவர் லிங்கத்தைப் பூஜிக்கும் உருவத்தையே கல்லில் செதுக்கச் செய்தார். ராணி அம்மையாருக்கே அப்படி என்றால், பௌர்ணமி அன்னதானத்தில் எச்சில் இலை எடுக்க உனக்கும் எனக்கும் என்ன தயக்கம்?

அடுத்த பௌர்ணமிக்கு அக்காவை அழைத்துக்கொண்டு வா. திண்டிவனத்தில் இறங்கியதும் ஒரு போன் செய். மயிலம் வரையில் நானே ஆட்டோ பேசி அனுப்புகிறேன். அவளை வரிசையில் நிற்க விடாதே. அவள் மண்டபத்தில் உட்காரட்டும், எலுமிச்சம்பழம் வாங்க நீ நில். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டிவிடாதே. தன் பிள்ளையை நான் குறைசொல்லிவிட்டேன் என்று ஒரு வாரம் என்னோடு பேசமாட்டாள்.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்
உன் மாமன்