கண்டி எசலப் பெரஹரா: வேடமணிவோர் விழாவுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானியச் சித்திரக்கதைகளான மங்காவையும் அசைபடங்களான அனிமேயையும் விரும்புவோர் ஆண்டுதோறும் கூடும் விழாக்களுக்கு, 1975 டிசம்பரில் டோக்கியோவில் தொடங்கிய காமிக் மார்க்கெட் ஒரு முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. இலங்கையிலும் 2015இல் கொழும்பில் லங்கா காமிக் கான் தொடங்கியபின், விருப்பமான பாத்திரத்தின் உடையைத் தைத்து அணிந்து வரும் காஸ்ப்ளே என்னும் வழக்கம் இளைஞரிடையே அறிமுகமாயிற்று. அத்தகைய விழாக்களில் பழகிய ஒருவர் ஜூலை அல்லது ஆகஸ்ட் மாதத்தில் கண்டிக்கு வருவாராயின், வேடமணிந்து கூடும் மரபின் வேறொரு வடிவத்தை எசலப் பெரஹராவில் காண்பார். அங்கே உடை என்பது விருப்பத்தால் தேர்வதன்று. நிலம், குலம், சடங்கு ஆகியவற்றால் கிடைக்கும் உரிமை. யார் எந்த உரிமையால் எதை அணிகிறார் என்பதை முன்னரே அறிந்து வருபவருக்கே இவ்வூர்வலம் முழுமையாகப் புலப்படும்.

பெரஹரா எனப்படும் ஊர்வலம் தொடக்கத்தில் தெய்வங்களுக்குரியதாகவே இருந்தது. 1660 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் இவ்விழாவைத் தெய்வங்களின் விழாவாகவே விவரிக்கிறார். மதுரை நாயக்கர் மரபில் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்தில், சீயத்திலிருந்து 1753இல் உபாலி தேரர் தலைமையில் பிக்குகள் வந்து, அற்றுப்போயிருந்த உபசம்பதா என்னும் உயர்நிலைத் துறவு தீட்சையை மீட்டுத் தந்தனர். பௌத்த நாட்டின் தலைநகர் விழாவில் புத்தருக்கு இடமில்லாமை அவர்களை உறுத்தியதாகவும், அதன்பின்னரே தலதா எனப்படும் புத்தரின் புனிதத் தந்தத்தின் பேழை ஊர்வலத்தின் முன்னிடத்தைப் பெற்றதாகவும் மரபு கூறுகிறது. தென்னிந்திய வம்சாவளி மன்னர் ஒருவர் தம்மைப் பௌத்தத்தின் காவலராக நிலைநிறுத்திக்கொள்ள மேற்கொண்ட ஏற்பாடுகளுள் இதுவும் ஒன்று என்று கொள்வது தவறாகாது.

அன்று அமைந்த வரிசையே இன்றும் தொடர்கிறது. சாட்டை சொடுக்குவோர் முன்னே வர, கொடி பிடிப்போருக்குப் பின் பெரமுன ரால என்னும் அலுவலர் யானைமேல் அமர்ந்து, கோயில் நிலங்களின் பதிவேட்டைக் கையில் ஏந்தி வருவார். அவரைத் தொடர்ந்து முரசுக்காரரும் ஆட்டக்காரரும் வருவர். அதன்பின், நிலபாவாடையாக விரிக்கப்படும் வெள்ளைத் துணியின்மேல் கால்பதித்து, தந்தம் காக்கப்படும் கோயிலான தலதா மாளிகையின் கொம்பன் யானை பேழையைச் சுமந்து வரும். அப்பேழையில் மூலத் தந்தம் வைக்கப்படுவதில்லை. மாளிகையின் தலைமை நிர்வாகியான தியவடன நிலமே அதன் பின்னே நடந்து செல்ல, நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் அதே ஒழுங்கில் தொடரும். கதிர்காமப் பகுதியில் மயிற்பீலிக் காவடிகள் ஆடிவருவதையும், பத்தினியாக வழிபடப்படுபவள் கண்ணகியே என்பதையும், அவளுக்குரிய ஊர்வலத்தில்தான் மரபாகப் பெண்கள் இடம்பெறுவர் என்பதையும் தமிழ் வாசகர் கருத்திற் கொண்டால், நள்ளிரவை நெருங்கும் கடைசிப் பகுதிவரை காத்திருப்பது வீணாகாது. பலர் பேழை கடந்ததும் எழுந்து போய்விடுகின்றனர். அது பெரிய இழப்பு.

பதிவேடு யானைமேல் ஏறுவதன் காரணம் விளக்கத்துக்குரியது. மாளிகைக்கும் தேவாலயங்களுக்கும் மன்னர்கள் அளித்த நிலங்களை உழுதுண்ட குடும்பங்கள், அதற்கு ஈடாக முரசறைதல், ஆடுதல், பந்தம் ஏந்துதல், யானை கொணர்தல் போன்ற பணிகளைச் செய்யக் கடமைப்பட்டிருந்தன. இராஜகாரியம் எனப்பட்ட இக்கட்டாயப் பணிமுறையைப் பிரித்தானிய அரசு 1832இல் பொதுவாக நீக்கியபோதும் கோயில் நிலங்களுக்கு அது தொடர்ந்தது. 1870இன் சட்டம் பணிக்குப் பதிலாகப் பணம் செலுத்தும் வழியையும் திறந்தது. ஆகவே, இரும்புக் கூண்டில் கொப்பரைத் தேங்காய் எரியும் பந்தத்தைச் சுமந்து செல்பவரும், சாக்குப்பையுடன் ஓடிவந்து அதில் புதுக் கொப்பரையை இடுபவரும் அவ்வாறு தலைமுறை வழியாக வந்த பணியாளராக இருக்கக்கூடும். தெருவோரத்தில் முன்வரிசையில் அமர்ந்தவர்மேல் தீப்பொறி சில வேளை தெறிக்கும் என்பதால், நைலோன் ஆடையைவிடப் பருத்தி உடையே பாதுகாப்பானது.

உடைகளுள் மிக உயர்ந்தது வெஸ் எனப்படும் ஆட்டக்காரரின் அணி. நெற்றிப் பட்டம், கதிர்போல் விரியும் வெள்ளி முடி, முதுகில் தொங்கும் நீண்ட நாடா, தோடு, மார்பை மூடும் மணிவலை, கால்களில் சிலம்பு என அது விரியும். பல ஆண்டுப் பயிற்சிக்குப்பின், நல்ல நேரம் குறித்து நடத்தப்படும் சடங்கில்தான் மாணவர் முதன்முறையாக அம்முடியை அணிவார். கொஹொம்ப கங்காரிய என்னும் நோய்தீர்க்கும் சடங்குக்கு உரியதாயிருந்த இவ்வணி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பெரஹராவுக்குள் வந்தது. அதற்கு முன்பே, 1880களில் ஜெர்மானிய விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் கண்டிய ஆட்டக்காரரை ஐரோப்பிய நகரங்களுக்கு அழைத்துச் சென்று காட்சிப்படுத்தியிருந்தார். இன்று தொன்மையின் அடையாளமாகச் சுவரொட்டிகளில் காணப்படும் வெஸ் ஆட்டக்காரர், ஊர்வலத்தைப் பொறுத்தவரை அண்மைக்காலத்தவர் என்பது சற்று வியப்புக்குரியதே.

விழாவின் நாட்கள் சந்திரனைப் பொறுத்து ஆண்டுக்காண்டு மாறும். கப் நடுதல் என்னும் தொடக்கச் சடங்கு, தேவாலய வளவுக்குள் ஐந்து நாள் ஊர்வலம் ஆகியவற்றுக்குப்பின், கும்பல் பெரஹரா ஐந்து இரவும் ரன்தோலி பெரஹரா ஐந்து இரவும் வீதியில் வலம்வரும். இறுதியில் கெட்டம்பேயில் மகாவலி ஆற்று நீரை வெட்டும் சடங்கும் பகல் ஊர்வலமும் நிகழும். ரன்தோலியின் கடைசி இரவுகளில் ஆசனங்களின் விலையும் நெரிசலும் உச்சத்தை எட்டுவதால், குழந்தைகளுடன் வருவோருக்கும் உடைகளை அருகில் நின்று பார்க்க விரும்புவோருக்கும் கும்பலின் பிற்பகுதி இரவுகளே ஏற்றவை. தலதா வீதியின் நடைபாதையில் இலவச இடம் வேண்டுவோர் பிற்பகலிலேயே பாயுடன் வந்து அமர்தல் வேண்டும். மாலையில் வீதிகள் மூடப்பட்டபின் எதிர்ப்பக்கம் செல்வது அரிது. தென்மேற்குப் பருவ மழைத்தூறலுக்குக் குடையைவிட மழையங்கி நல்லது, ஏனெனில் குடை பின்னிருப்பவரின் பார்வையை மறைக்கும். மாளிகைக்குள் செல்வோர் தோளும் முழங்காலும் மூடிய வெளிர்நிற உடை அணிந்து, பாதணிகளை வெளியே விடுதல் வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படமெடுப்பது குற்றமாகக் கொள்ளப்படும். யானைகளின் முகத்துக்கு நேரே ஒளிவீச்சுடன் படமெடுப்பதையும் தவிர்ப்பது நலம். அவற்றைச் சங்கிலியுடன் ஊர்வலத்தில் நிறுத்துவது குறித்த கண்டனமும் இன்று வலுவாகவே எழுகிறது.

1950களிலிருந்து 1987வரை பேழையைச் சுமந்து, 1988இல் இறந்த ராஜா என்னும் கொம்பனின் பதப்படுத்திய உடலை மாளிகை வளவிலுள்ள அருங்காட்சியகத்தில் காணலாம். விழாக்காலம் அல்லாதபோது வருவோர் வெஸ் ஆட்டத்தை ஏரிக்கரை அரங்குகளின் மாலை நிகழ்ச்சிகளில் பார்க்கலாம் எனினும், ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கப்பட்ட அக்காட்சி சடங்கின் மெதுவான ஏற்றத்தைத் தருவதில்லை. அதைவிடப் பயனுள்ளது எம்பெக்கே தேவாலயப் பயணம்: கம்பளைக் காலமான 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் முரசு மண்டபத்தின் மரத்தூண்களில், ஆடல் மகளிரும் மல்லரும் இரட்டைத் தலைப் புள்ளும் செதுக்கப்பட்டுள்ளனர். கணேஸ்வராச்சாரி என்னும் தென்னிந்தியச் சிற்பி 1344இல் கல்லில் எழுப்பிய கடலாதெனிய விகாரையும், தமிழ்க் கல்வெட்டொன்றைக் கொண்ட லங்காதிலக விகாரையும் அருகிலேயே இருப்பதால், பேராதனை வழியாக முச்சக்கர வண்டியில் சென்று மூன்றையும் ஒரே முற்பகலில் பார்த்துத் திரும்பலாம். புகைப்படத்துக்கு எம்பெக்கேயைக் காலை ஒளியிலேயே முதலில் பார்த்துவிடுவது நல்லது.