பனிக்காலத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு

டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டியிலே மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். நம்மில் அநேகர் உறைபனியில் டயர் வழுக்கும் என்றுதான் பயப்படுகிறோம். அதற்கு முன்னே விரல் மரத்துப்போகிறதே!

வெளியே 5 டிகிரி குளிர் என்று வையுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எதிர்க்காற்றினால் அது ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரி போல உறைக்கும். உடம்போ நெஞ்சு, வயிற்றின் சூட்டைக் காக்க, விரல்களுக்குப் போகிற இரத்தத்தைக் குறைத்துவிடும். ஆகவே கையுறை மாத்திரம் போதாது. நெஞ்சிலே காற்றுப் படக்கூடாது. கம்பளி ஸ்வெட்டருக்குள் காற்று நுழைந்துவிடும், மேலே ரெயின்கோட் போடுங்கள். அதுவும் இல்லையா, சட்டைக்குள்ளே செய்தித்தாளை மடித்து வையுங்கள். சிரிக்காதீர்கள், நான் இன்றும் வைக்கிறேன்.

ஒருநாள் விடியற்காலை லவ்டேல் பக்கம் ஒரு வளைவில் மாடு குறுக்கே வந்தது. கைப் பிரேக்கைப் பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன், விரல் மடங்கவேயில்லை. கால் பிரேக்தான் காப்பாற்றியது. மாட்டுக்கும் எனக்கும் ஒரு முழந்தான் இருந்தது. அன்றிலிருந்து, விரல் மரத்தால் வண்டியை ஓரங்கட்டி, கைகளை அக்குளில் வைத்து, உணர்வு வந்தபிறகுதான் கிளம்புகிறேன். சூடான என்ஜின்மேல் மாத்திரம் கையை வைத்துவிடாதீர்கள். மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது.