கருவண்டு மரத்தைத் தின்னுமா?

கம்பம் பள்ளத்தாக்கில் ஏதாவது ஒரு தோட்டத்துக் கொட்டகையின் மூங்கிலை அண்ணாந்து பாருங்கள். டிரில் போட்டதுபோல் வட்டமாக ஒரு துளை இருக்கும். அதற்கு நேர் கீழே மாவு சலித்தாற்போல் மரத்தூள் கிடக்கும். இது கருவண்டின் வேலை. அதைப் பற்றி ஊரில் சொல்வதில் பாதிக்கு மேல் தப்பு.

நம்பிக்கை: அது வண்டு.

உண்மை: தேனீ. வண்டுக்கு முதுகில் கெட்டியான ஓடு உண்டு. இதற்கு இருப்பது நீலமாக மின்னும் நான்கு சவ்விறகுகள். அறிவியல் பெயர் சைலோகோப்பா. கிரேக்கத்தில் மரவெட்டி என்று பொருள். ராணியும் கிடையாது, வேலைக்காரப் பட்டாளமும் கிடையாது.

நம்பிக்கை: மரத்தைத் தின்று தீர்த்துவிடும்.

உண்மை: குடைவதோடு சரி, தின்பதில்லை. பச்சை மரத்தை விட்டுவிட்டு, காய்ந்த கட்டையையும் மூங்கிலையுமே தேடும். உள்ளே மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து உருண்டை வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டையிட்டு, மரத்தூளால் தடுப்புச் சுவர் எழுப்பும். பிறகு அடுத்த அறை. பூச்சியினத்தின் மிகப் பெரிய முட்டைகளில் இதுவும் ஒன்று.

நம்பிக்கை: கொட்டினால் ஆள் பிழைக்காது.

உண்மை: அந்தப் பயம் கதண்டுக்கு உரியது. கூட்டருகே முகத்துக்கு நேரே வந்து மிரட்டுவது பெரும்பாலும் ஆண்; அதற்குக் கொடுக்கே இல்லை. பெண்ணுக்கு உண்டு, கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும்.

நம்பிக்கை: தேன் தராத தேனீயால் என்ன லாபம்?

உண்மை: கத்தரிப் பூவைக் கேளுங்கள். அதன் மகரந்தப் பை, நுனியில் மட்டும் ஓட்டை உள்ள உப்பு டப்பா மாதிரி. கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்து, இறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவிட்டு ‘விர்ர்’ என்று உலுக்கும், மகரந்தம் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. தக்காளியும் ஆவாரையும் இதே ரகம். முருங்கைப் பூவுக்கும் இது முக்கியமான விருந்தாளி.

நம்பிக்கை: பொழுது சாய்ந்தால் தேனீ பறக்காது.

உண்மை: தரங்கம்பாடியின் பெயரைத் தாங்கிய சைலோகோப்பா டிராங்குபாரிகா இரவில் இரை தேடும். நிலா இல்லாத இருட்டிலும் அதற்கு நிறம் தெரியும்.

கொட்டகை உத்தரம்தான் கவலை என்றால் அதற்கு மட்டும் பெயின்ட் அடியுங்கள். துளையில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். வரப்போரம் காய்ந்த மூங்கில் நாலைக் கட்டிவைத்தால், கத்தரிக்குக் கூலி கேட்காத ஆள் அங்கேயே குடியேறும்.