கால் வீக்கமும் தலையிடியும்: கர்ப்பிணித் தாய்மாரின் குடும்பங்களுக்கு

வயிற்றில் பிள்ளையுள்ள பெண்ணுக்குக் கால் வீங்கினால் "அது எல்லாருக்கும் வாறதுதானே" என்கிறோம். தலையிடித்தால் வெயில் என்கிறோம். மன்னார் வெயிலை அறிந்தவர்கள் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். எப்போது சரியில்லை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. கையில் பட்டியைச் சுற்றிக் குருதி அமுக்கத்தை, அதாவது பிரஷரை, அளந்தால்தான் தெரியும்.

கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பின் சில தாய்மாருக்குப் பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறுகிறது. கூடவே சலத்தில் புரதமும் வெளியேறினால் நிலைமை பாரதூரமாகலாம். இளங்கொடிக்குப் போகும் இரத்தக் குழாய்கள் போதிய அளவு விரியாததே இதன் தொடக்கம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். வயிற்றுப் பிள்ளையின் வளர்ச்சி குன்றும். தாயின் ஈரலும் சிறுநீரகமும் மூளையும் தாக்கப்படும். முற்றினால் வலிப்பு வரும். அதைப் பேய்க்குணம் என்று பார்வை பார்க்கக் கொண்டு திரிந்தால் இரண்டு உயிரையும் இழக்க நேரிடலாம்.

முதற் பிள்ளை, இரட்டைப் பிள்ளை, முன்பே பிரஷர் அல்லது சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். ஆனால் நல்ல உடற்பலம் உள்ளவர்களையும் இது விடுவதில்லை. ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கக் கறுப்பின ஓட்ட வீராங்கனை அலிசன் பீலிக்ஸ் தன் கால் வீக்கத்தைச் சாதாரணம் என்றே எண்ணியிருந்தார். 2018இல் வழமையான பரிசோதனையில் நோய் பிடிபட, 32ஆம் வாரத்திலேயே அறுவைச் சிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். இருவரும் பிழைத்தார்கள். அந்நாட்டில் கறுப்பினத் தாய்மாரிடையே இந்நோய் வெள்ளையினத்தவரைவிட அதிகம். பிறவிக் குணம் என்று சொல்லப்பட்டு வந்தது. வாழ்க்கை நெருக்கடியும், அவர்கள் சொல்லும் வருத்தத்தைச் செவிமடுக்காமையும் முக்கிய காரணங்கள் என்று ஆய்வாளர்கள் இன்று சொல்கிறார்கள். இடம்பெயர்ந்த எங்களுக்கு இது புரியாத கதையல்ல.

மடுவிலிருந்தும், பின்னர் 2009இல் மெனிக் பாமிலிருந்தும் இடம் மாறியவர்களுக்குத் தெரியும், ஓடும்போது முதலில் தொலைவது கடதாசிதான். கர்ப்பிணியின் கிளினிக் பதிவேட்டை அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். இடம் மாறினால், புதிய இடத்துக் குடும்பநல உத்தியோகத்தரை முதல் நாட்களிலேயே தேடிச் சொல்லுங்கள். வயல் வெட்டுக் காலமென்று கிளினிக் நாளைத் தள்ளிப்போட வேண்டாம். அளந்ததும் "எவ்வளவு?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

கருவாட்டை நிறுத்தினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். உப்பைக் குறைப்பது நல்லதே, ஆயினும் அது மட்டும் இந்நோயைத் தடுக்காது. கிளினிக்கில் தரும் கல்சியம் மாத்திரை அதைவிட உதவும். இரும்பு மாத்திரையையும் அதையும் வேறு வேறு நேரத்தில் விழுங்குங்கள்.

விடாத தலையிடி, கண் மங்கல் அல்லது கண்முன் பூச்சி பறப்பது, நெஞ்சுக்குழியில் நோவு, முகமும் கையும் திடீரென வீங்குதல்: இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. எங்களுக்கு 1990 என்றால் ஊரை விட்டு ஓடிய ஆண்டு. இப்போது அதையே இதற்காகவும் மனதில் வைக்கலாம். வலிப்பு வந்தால் தாயை இடப்பக்கம் சரித்துக் கிடத்துங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். வலிப்பைத் தடுக்க வைத்தியசாலையில் மக்னீசியம் சல்பேற்று ஊசி உண்டு.

பிள்ளை பிறந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். பிறந்த பின்னும், ஆறு வாரங்கள் வரைகூட, பிரஷர் ஏறி வலிப்பு வரலாம். எங்கள் வீடுகளில் 31ஆம் நாள் வரை, சிலரிடத்தில் 40ஆம் நாள் வரை, தாயை வெளியே விடுவதில்லை. தலையிடித்தால் அந்தக் கணக்கைப் பாராமல் கூட்டிப் போங்கள். மாத்திரை தந்திருந்தால் பால் கொடுப்பதற்காக நிறுத்த வேண்டாம். பால் கொடுக்கிறேன் என்று வைத்தியரிடம் சொன்னால் அதற்கேற்றதைத் தருவார்.