ஊளைக்குரங்கும் செந்நரியும்

குட்டிக்குப் பாலூட்டலும், மயிர் உடைமையும், மாறா உடல்வெப்பமும் பொருந்திய விலங்குகளை முலையூட்டிகள் என்னும் ஒரே வகுப்பில் அடக்குவர் விலங்கியலார். அவ்வகுப்பின் விரிவை உணர்தற்கு ஊளைக்குரங்கையும் செந்நரியையும் ஒப்புநோக்குதல் நன்று.

முதற்கண் பெயரைத் தெளிதல் வேண்டும். நம் நாட்டில் நரியென வழங்குவது நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய பிறிதோர் இனம். 1758 இல் இலின்னேயசு பெயரிட்ட செந்நரி இலங்கையில் இல்லை; ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா, வட ஆபிரிக்கா ஆகியவற்றிற்கு உரியது. ஊளைக்குரங்கு என்பதோ மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் பல இனங்களின் பொதுப்பெயர்.

குரங்கு மரத்திற்கு அமைந்தது. அதன் வால் கிளையைப் பற்றும் ஐந்தாம் கைபோல் உதவும். இலையே பேருணவாதலின் பகலின் பெரும்பொழுதை ஓய்விற் கழிக்கும். பருத்து உட்குழிந்த நாவடி என்பு அதன் குரலைப் பெருக்கலால், ஊளை பல கிலோமீற்றர் சென்று கேட்கும். கூட்டங்கள் தத்தம் இருப்பிடத்தை இவ்வாறு அறிவித்து, வீண் போரைத் தவிர்க்கின்றன.

நரி நிலத்திற்கு அமைந்தது, தனித்தே இரைதேடும். புல்லினுள் எலி அசையும் ஒலியையும் அதன் செவி அறியும். ஊனுண்ணி வருணத்தைச் சேர்ந்ததாயினும் கனிகளையும் புழுபூச்சிகளையும் உண்ணும். குரங்கிற்குப் பற்கள் 36, நரிக்கு 42. நரி ஏறக்குறைய 52 நாட் சூல்கொண்டு, கண் திறவாத குட்டிகள் பலவற்றை வளையில் ஈனும். குரங்கோ ஆறு திங்கள் சுமந்து பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். அது தாயின் உடலைப் பற்றியே வளரும். ஆதலின் இழந்த தொகையை நரி விரைவில் ஈடுசெய்யும். குரங்கிற்கு அஃது அரிது.

இவ்வேற்றுமையின் பொருளை நோய்க்காலத்தே காணலாம். நரி தன் கடியால் விசர்நோயைப் பரப்புவது. சுவிற்சலாந்தில் 1978 இல் தடுப்புமருந்து பொதிந்த கோழித்தலைகளை இரையாக இட்டனர். நாளடைவில் நரிவழிப் பரவிய விசர்நோய் அந்நாட்டை விட்டு அகன்றது. பிரேசிலில் 2016 இறுதியில் தொடங்கிய மஞ்சட் காய்ச்சலால் ஊளைக்குரங்குகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. அந்நோயை மனிதருக்குக் கொணர்வது நுளம்பேயாகும், குரங்கன்று. காட்டிற் குரங்கு மடிதல் ஊருக்கு முன்னெச்சரிக்கையும் ஆகும். இதனை அறியாது அஞ்சினோர் சிலர் குரங்குகளைக் கொன்றனர். தம்மைக் காத்த காவலரையே இழந்தனர்.

ஒரு வகுப்பின என்பதுபற்றி இரண்டையும் ஒருபடித்தாகக் கருதல் பிழையாம். ஒற்றுமை கண்டபின் வேற்றுமையையும் ஆராய்வதே கல்வி. மாணவர் இதனை மனங்கொள்வாராக.